பரணில் கிடந்த மிருதங்கத்துக்குத் தோல் போடலாமா, வேண்டாமா?

வீட்டில் பழைய மிருதங்கம் ஒன்று இருந்தால் வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வார்னிஷ் அடித்து ஹாலில் வை என்பார் ஒருவர். வாங்குகிற கடைக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காசில் புதிது வாங்கு என்பார் இன்னொருவர். தோல் மாற்றினால் போதும், பழையபடி பேசும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் கேட்டோம்.

அம்மாவின் அப்பா கும்பகோணம் பக்கத்தில் பஜனை மடங்களிலும் கதாகாலட்சேபங்களிலும் வாசித்தவர். அவர் காலமான பிறகு அவருடைய மிருதங்கமும், கையில் பிடித்துத் தட்டுகிற சின்னத் தோல் வாத்தியமான ஒரு கஞ்சிராவும் பழைய வேட்டிகளில் சுற்றிப் பரணுக்குப் போய்விட்டன. என் அண்ணன் மகள் மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் இறக்கினோம். "அத்தை, இதை நான் வாசிக்கலாமா?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய வாத்தியங்கள் கிடக்கின்றன.

முதலில் தெளிவாக வேண்டியது, மிருதங்கத்தில் எது நிலைக்கிற பாகம், எது தேய்கிற பாகம் என்பது. கட்டை நிலைக்கும். நல்ல பலா மரத்தில் குடைந்த உடம்பு தலைமுறை தாண்டும். தோலுக்கு அந்த ஆயுள் கிடையாது. ஆடு, பசு, எருமை என்று மூன்று தோல்கள் இந்த ஒரு வாத்தியத்தில் சேர்கின்றன. இரண்டு பக்கத்து வாயையும் மூடுகிற தோல் வட்டத்தை மூட்டு என்பார்கள்; அந்த மூட்டுகளை இழுத்துப் பிடித்திருக்கிற வார் எருமைத் தோல். நிறையக் கச்சேரி வாசிக்கிறவர்களிடம் வலந்தலை, அதாவது வலது கைப் பக்கத்து மூட்டு, மாதக் கணக்கில்தான் தாங்கும்; பிறகு மாற்றியே ஆக வேண்டும்.

இது புரிந்தபோது எனக்குப் பாதி குழப்பம் தீர்ந்தது. "அப்பா கைபட்ட தோல், அதைப் பிரிக்காதே" என்று அம்மா முதலில் ஒரேயடியாக மறுத்தார். தாத்தாவே தன் வாழ்நாளில் எத்தனை முறை மூட்டு மாற்றியிருப்பார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போவாரே என்று அவரே சொன்னார். தோல் மாறிக்கொண்டே இருப்பதுதான் மிருதங்கத்தின் இயல்பு. அதனால் தோல் மாற்றுவதைப் பழமையைக் கெடுக்கிற காரியமாக நினைக்க வேண்டியதில்லை. கட்டையில் கை வைக்கிற வேலை எதுவாக இருந்தாலும் அப்போதுதான் பத்து முறை யோசிக்க வேண்டும். நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒரு கோட்டை ஒட்டித்தான் அமைந்தன.

இருக்கிற தோலையே பிழைக்க வைக்க முடியாதா என்றும் பார்த்தோம். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருப்பதைச் சாதம் என்பார்கள், கரணை என்றும் சொல்வதுண்டு. வேக வைத்த சோற்றோடு இரும்புச் சத்துள்ள கல்லின் நுண்ணிய பொடியைக் கலந்து பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தேய்த்து, அது காய்ந்த பின் அதன்மேல் அடுத்தது என்று ஏற்றுவார்கள். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் சிதறும். நடுவில் இந்தக் கனம் ஏறியதும் அவை அடிப்படைச் சுரத்தோடு இசைகிற விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். பரணிலிருந்து வந்த மிருதங்கத்தில் சாதம் ஓரத்தில் பெயர்ந்திருந்தால் வலந்தலையில் சுருதி நிற்காததற்கு இதுதான் காரணம்.

தோலில் உயிர் இருந்தால் பழைய சாதத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். அதெல்லாம் வழக்கமாக நடக்கிற வேலைதான். எங்களுடையதில் தோல் காய்ந்த அப்பளம் போல ஆகியிருந்தது. இடது கைப் பக்கமான தொப்பியை எலி கடித்திருந்தது. நாதம் கனக்கத் தொப்பியின் நடுவில் ஒட்டும் ரவைப் பசையை வாசித்து முடித்ததும் வழித்துத் துடைக்காமல் வைத்தால் எலியும் கரப்பானும் தேடி வரும். ரவை போன பிறகு தோலில் வாய் வைக்கும். ஆக, அந்தத் தோலை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இல்லை. கேள்வி கட்டையிடம் போனது.

கட்டையைப் பார்ப்பதற்குப் பொறுமைதான் வேண்டும். உளு அரித்த ஊசித் துளைகள் உடம்பில் ஆங்காங்கே இருந்தன. துளை இருப்பதாலேயே மரம் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா, வெளியேறிப் பல வருஷம் ஆகிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உடம்பு முழுவதையும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் மிருதங்கத்தைக் கிடத்தி, யாரும் நகர்த்தாத மூலையில் சில வாரம் விடுங்கள். மாவு போன்ற தூள் காகிதத்தில் விழுந்தால் பூச்சி வேலையில் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் விழவில்லை. துளைகளின் ஓரமும் மரத்தின் நிறத்திலேயே கறுத்துப் போயிருந்தது. புதுத் துளை என்றால் உள்ளே வெளுப்பாகத் தெரியும்.

துளைகள் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதும் முக்கியம். வைரம் பாய்ந்த பலாவை உளு அதிகம் தீண்டுவதில்லை, வைரம் பாயாமல் வெளிறாக இருக்கிற பகுதியைத்தான் தின்னும். துளைகள் ஒரே பட்டையாக ஒரு பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் கட்டைக்கு வெளிறு சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டை வாய் விளிம்பு வரைக்கும் வந்தால் கவலைப்பட வேண்டும். தோலின் இழுப்பு முழுவதையும் தாங்குவது விளிம்புதான்.

அடுத்து வெடிப்பு. எங்கள் மிருதங்கத்தில் தொப்பி வாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு ஓடியது. நகத்தால் தடவினால் தட்டியது. அது நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். கோடை முழுவதும் விட்டுவிட்டு மறுபடி பார்த்தபோது வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. வெயிலிலும் தாண்டாத வெடிப்பு பெரும்பாலும் பழைய வெடிப்பு. இதற்காக யாரும் மிருதங்கத்தை வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள். வெயிலே புது வெடிப்பை உண்டாக்கும். நான் சொல்வது வீட்டுக்குள் நிழலில் இருக்கும்போது.

மூட்டைப் பிரித்த பிறகு செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு உண்டு. இருட்டறையில் போன் டார்ச்சைக் கட்டைக்குள் வைத்து வெளியிலிருந்து பார்க்க வேண்டும். வெடிப்பு மேலோடு இருக்கிறதா, சுவரை ஊடுருவியிருக்கிறதா என்பது வெளிச்சத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, சமையலறை கிரானைட் மேடையில் வாயைக் கவிழ்த்து நிறுத்திப் பார்ப்பது. ஆடினால் விளிம்பு சமமாக இல்லை. அதில் புது மூட்டு போட்டாலும் விளிம்பைச் சுற்றி வார் கோத்திருக்கிற எல்லாக் கண்ணிலும் சுருதி ஒரே மாதிரி சேராது. எங்களுடையது இரண்டு சோதனையிலும் தேறியது.

தஞ்சாவூரில் பரம்பரையாக இந்த வேலை செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரிடம்தான் பிரிக்கக் கொடுத்தோம். அவர் டார்ச்சுக்கெல்லாம் போகவில்லை. மூட்டு கழன்றதும் வெறும் கட்டையை மடியில் வைத்து விரல் முட்டியால் நான்கு இடத்தில் தட்டிக் கேட்டார். "கட்டை நல்லா பேசுதும்மா. இதை வெளிய விட்டுடாதீங்க. இந்தக் கனத்துல, இந்த வைரத்துல இப்ப மரம் கெடைக்கறது கஷ்டம்" என்றார். உள்ளே உளி ஓடிய தடங்களைக் காட்டினார். பண்ருட்டியிலிருந்துதான் இன்றைக்கும் நிறையக் கட்டைகள் வருகின்றன என்றாலும் முற்றின மரத்துக்கு எல்லாருமே காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார்.

இதற்கு முன்னால் ஒரு கடையில் காட்டியிருந்தோம். மரம் செத்துப்போச்சு, எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள் அங்கே. உபயோகமில்லாத மரம் என்று சொல்கிறவர் அதையே விலைக்கு எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தால் அவசரப்படாதீர்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள். விற்கிற இடத்தில் கேட்கும் யோசனையை விட, தன் கையால் மூட்டு கட்டுகிறவரிடம் கேட்கும் யோசனைக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

கட்டை தேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். உண்மையான சிக்கல் அங்கேதான் வந்தது. தாத்தாவின் மிருதங்கம் நீளமானது, 24 அங்குலம். வாயும் அகலம். தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி என்பார்கள். 1 கட்டை, 1½ கட்டையில் பாடுகிற ஆண் குரல்களுக்கு ஏற்றது (இங்கே கட்டை என்பது மரமில்லை, சுருதியின் அளவு). அண்ணன் மகளோ தன் வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வாசிக்கிறாள். அவர்கள் பாடுவது 5 கட்டை, 5½ கட்டை. அதற்கு எச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி மிருதங்கம் வேண்டும், நீளம் குறைந்தது, வாய் சிறியது. அகலமான வாயில் தோலை முறுக்கி முறுக்கி எச்சு சுருதிக்குக் கொண்டுபோனால் தோல் கிழியும். ஏற்கெனவே வெடிப்பு இருக்கிற விளிம்புக்கும் அந்த இழுப்பு நல்லதில்லை.

அப்போது ஒரு சொந்தக்காரர், இரண்டு அங்குலம் வெட்டிவிட்டால் எச்சு சுருதி ஆகிவிடுமே என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டேன். அவர் கட்டையைப் படுக்க வைத்து அதன் வடிவத்தைக் கையால் காட்டினார். மிருதங்கம் நடுவில் பருத்து இரண்டு ஓரத்துக்கும் சிறுத்துப் போகிற உடம்பு. ஓரத்தை வெட்டினால் நீளம் குறையும், வாய் அகலமாகும். எச்சு சுருதிக்கு வேண்டியது சிறிய வாய். வெட்டுவது நேர் எதிர்த் திசையில் கொண்டுபோய் விடும். "வெட்டுன மரத்தை ஒட்ட முடியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். இப்படி ஒரு யோசனை உங்கள் வீட்டில் வந்தால் தயவுசெய்து யாரையும் ரம்பம் எடுக்க விடாதீர்கள்.

ஆகவே யாருக்காக, எந்தச் சுருதியில், எதற்கு என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் தேடினோம். பழைய வாத்தியத்தைச் சரி பண்ணக் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். புதுத் தோல் போட்டு மறுபடியும் பரணில் ஏற்றினால் இன்னும் சில வருஷத்தில் அதுவும் காய்ந்து போகும்; பணமும் ஒருவருடைய உழைப்பும் வீண். வாசிக்க ஆள் இல்லாத வீட்டில் கட்டையைத் துடைத்துப் பத்திரமாக வைப்பதே போதும் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. அவளுடைய வாத்தியாரிடம் பேசினேன். தக்கு சுருதியில் வீட்டில் சாதகம் பண்ணட்டும், வலந்தலையில் மீட்டு, சாப்பு என்கிற அடிகளுக்கு நாதம் எப்படி நீண்டு நிற்கிறது என்று காதுக்கு நன்றாகத் தெரியும், தொப்பியில் கும்கி என்கிற வளைந்த நாதம் எடுக்கவும் கை பழகும் என்றார் அவர். நிகழ்ச்சிகளுக்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு சிறிய மிருதங்கம் இருந்தது. சரி, தாத்தாவுடையதை அதன் சொந்தச் சுருதிக்கே கட்டித் தரச் சொல்வோம் என்று முடிவானது.

நட்டு போல்ட் போடலாமா என்ற பேச்சும் வந்தது. தவிலில் வார் போய் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்து வெகுகாலம் ஆகிறது. மிருதங்கத்திலும் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். தனியாகச் சுருதி சேர்க்கத் திணறுகிற பிள்ளைகளுக்கும் வெளியூர் போகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. எங்களுடையது வீட்டிலேயே இருக்கப் போகிறது என்பதால் வாரே போதும் என்றோம். கல்லாலும் மரத்துண்டாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க அவளும் பழக வேண்டும் என்று வாத்தியார் விரும்பினார். எதைப் போட்டாலும் கட்டையில் புதிதாக ஓட்டை போடாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டைச் சுற்றியிருக்கிற பின்னல், வார் ஓடிய விதம், சாதத்தின் அளவு எல்லாவற்றையும் நான்கு பக்கமும் எடுத்து வைத்தேன். அந்த மூட்டு யாரோ ஒருவர் கடைசியாகக் கட்டியது. எங்கள் வீட்டில் தாத்தாவின் மிருதங்கம் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டியவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசும்போது, அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவின் பெயரையும் விவரம் தெரிந்தவர்கள் சேர்த்தே சொல்வார்கள். தோலைப் பதம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அறுத்து, ஊற வைத்து, இழுத்து, கல் பொடியோடு கையைத் தேய்த்து அந்த நாதத்தை உண்டாக்கித் தருகிறவர்களின் பெயர் சாதாரண வீடுகளில் ஒரு தலைமுறைக்குள் மறைந்து போகிறது. பழைய மூட்டைப் பார்த்த தஞ்சாவூர்க்காரர், பின்னல் நெருக்கமாக இருக்கிறது, நிதானமான கை என்றார். அதைக் குப்பையில் போட மனமில்லை. நன்றாக உலர்த்தி, துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறோம்.

கட்டைக்கு மெருகு பூச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பலா மரம் புதிதில் மஞ்சளாக இருந்து வருஷம் ஆக ஆகக் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். அந்த நிறத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி கொண்டுவர முடியாது. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தியதோடு சரி. வெடிப்பில் மட்டும் பலா மரத்தூளும் பசையும் சேர்த்து அடைத்தார்.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். மார்கழியில் இந்தக் கைவினைஞர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கச்சேரி வாசிக்கிறவர்களின் அவசர வேலை முதலில் வரும், அது நியாயமும் கூட. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோலும் சாதமும் சரியாகக் காயாது. நாங்கள் தை கழிந்த பிறகு கொடுத்தோம். சாதம் படலம் படலமாகக் காய வேண்டிய வேலை, அவசரப்படுத்தக் கூடாது. செலவு, இரண்டு மூட்டும் வாரும் கூலியும் சேர்த்து, புது மிருதங்கம் ஒன்றின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. பேரம் பேசவில்லை. ஒரு மூட்டுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு பேரம் பேச வாய் வராது.

கஞ்சிராவின் கதை வேறு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது; அந்தக் காலத்தில் உடும்புத் தோல்தான் போடுவார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். தாத்தாவுடையதில் தோல் எப்போதோ கிழிந்து சட்டமும் சலங்கைத் தட்டும்தான் மிச்சம். பழைய நாதம் வேண்டும் என்றால் உடும்புத் தோலுக்கு ஏற்பாடு பண்ணலாம் என்று எங்களிடம் ஒருவர் ரகசியமாகச் சொன்னார். அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்டுத் தோல் போட்டிருக்கிறோம். நாதத்தில் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு உயிரைக் கொன்று அதைச் சரி செய்ய வேண்டியதில்லை.

எல்லா வீட்டிலும் பதில் 'போடலாம்' என்று வராது. எங்கள் மிருதங்கம் வந்த செய்தி கேட்டு மன்னார்குடியில் சித்தப்பா தன் வீட்டுப் பழைய மிருதங்கத்தைக் காட்டினார். வாய் விளிம்பில் கட்டை விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. கறுப்புக் காகிதத்தில் ஒரே வாரத்தில் தூள் குவிந்தது. அதற்குத் தோல் போட்டிருந்தால் முதல் முறை வார் பிடிக்கும்போதே விளிம்பு பெயர்ந்திருக்கும். பூச்சிக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னோம். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பணத்தைப் போட்டுவிட்டு வருத்தப்படுவதை விட இது மேல்.

இப்போது மிருதங்கம் துணி உறையில், சுவரை ஒட்டாமல், ஒரு மரப் பலகை மேல் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும் என்பதால் அது வேண்டாம். சமையலறைப் பக்கமும் ஜன்னல் வெயிலும் ஆகாது. உறைக்குள் ஒரு அட்டையில் நீளம், இரண்டு வாயின் அகலம், சுருதி, மூட்டு கட்டிய மாதமும் வருஷமும், வெடிப்பு நிற்கிற இடம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். கட்டியவர் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டபோது அதெல்லாம் எதுக்கும்மா என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பெயரைச் சொல்லி, தொழில் சொல்லிக் கொடுத்த அப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். இரண்டையும் எழுதினோம். புதுத் தோல் வாசிக்க வாசிக்க இளகும், வார் ஒருமுறை பிடிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போகிறோம். அடைத்த வெடிப்பு எப்படி இருக்கிறது என்றும் அப்போது பார்த்துவிடுவார்.